இம்ப்ரெஷன் பாதியாகச் சரிந்துவிட்டது, கிளிக்கும் குறைகிறது: ‘ஏஐ எஸ்இஓ’ தொகுப்புக்குப் பணம் கட்டலாமா?

பூன்லே_பக்கம் (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் சமையலறை வைத்துத் தீவு முழுக்கச் சாப்பாடு அனுப்பும் ஒரு கேட்டரிங் கடையின் இணையத்தளத்தைப் பராமரிக்கிறேன். திருமண விருந்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா, வாழையிலைச் சாப்பாடு ஆகியவைதான் முக்கிய வரவு. வேர்ட்பிரஸ் தளம். ஆங்கிலப் பக்கங்கள் ஏறத்தாழ 40. அவற்றில் பாதிக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு.

சிக்கல் இது. கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியில், 2025 செப்டம்பர் நடுவில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் நம் பக்கம் தோன்றிய எண்ணிக்கை) ஒரேயடியாக விழுந்தது. அதே நாள்களில் சராசரி இடம் மட்டும் மேலே போயிருக்கிறது. இது எப்படி ஒன்றாக நடக்கும்? கிளிக் அதற்கு முன்பிருந்தே மெல்லக் குறைந்துவருகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் விலை விசாரணை அந்த அளவுக்குக் குறையவில்லை. தமிழ்ப் பக்கங்களுக்கு இம்ப்ரெஷனே ஏறக்குறைய இல்லை.

கடைக்காரரிடம் ஒரு விளம்பர முகவர் ‘ஏஐ எஸ்இஓ’ (ஏஐ பதில்களிலும் தேடலிலும் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்று மூன்று மாதத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதில் இருப்பவை: எல்எல்எம்எஸ் டெக்ஸ்ட் கோப்பு (ஏஐ மாடல்களுக்குத் தளத்தைச் சுருக்கிச் சொல்வது), எல்லாப் பக்கத்திலும் கேள்வி-பதில் ஸ்கீமா (தேடல் பொறிக்காகப் பக்கத்துக்குள் சேர்க்கும் குறியீடு), ஏஐ எழுதும் 200 வட்டாரப் பக்கங்கள் (‘ஈசூன் கேட்டரிங்’, ‘பொங்கோல் கேட்டரிங்’ என்ற வரிசையில்), சாட்ஜிபிடியில் முதலிடத்துக்கு உத்தரவாதம். இதற்குப் பணம் கட்டலாமா? கட்டக்கூடாது என்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது?

---

தரவுத்தச்சர்

செப்டம்பர் சரிவை முதலில் தீர்த்துவிடுவோம். அதுவரை கூகுள் முடிவுப் பக்கத்தின் முகவரியில் ஒரு சிறிய அளவுருவைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வரும். தரவரிசை பார்க்கும் மென்பொருள்கள் பலவும் இதைத்தான் நம்பியிருந்தன. அவை 100 முடிவுகளை ஒரே இழுப்பில் எடுக்கும்போது, 70ஆவது இடத்தில் கிடந்த உங்கள் பக்கத்துக்கும் ஓர் இம்ப்ரெஷன் விழும். மனிதர் யாரும் பார்த்திருக்க மாட்டார். 2025 செப்டம்பரில் கூகுள் அந்த அளவுருவை நிறுத்தியது. 70, 80, 90ஆம் இடத்து இம்ப்ரெஷன்கள் கணக்கிலிருந்து போய்விட்டன. கீழ்மட்ட எண்கள் கழிந்ததால் சராசரி தானாக உயர்ந்தது. துறையில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம் இது. உங்கள் தளத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதிப்பது எளிது: செயல்திறன் அறிக்கையில் சாதனம் என்ற பிரிவைத் திறந்து, கணினியையும் கைப்பேசியையும் தனித்தனியாகப் பாருங்கள். விழுந்தது பெரும்பாலும் கணினிப் பக்கமாக இருக்கும். அப்படியானால், அந்த மாதத்துக்கு முந்திய இம்ப்ரெஷனையும் சராசரி இடத்தையும் பிந்தியவற்றோடு இனி ஒப்பிடாதீர்கள். கிளிக்கை மட்டும் ஒப்பிடலாம்.

கிளிக் குறைவது வேறு விஷயம், அது உண்மையான இழப்பு. ஆனால் எந்தக் கிளிக் குறைகிறது என்று பிரிக்காமல் எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

முதலில் நாடு என்ற வடிப்பில் (ஃபில்டர்) சிங்கப்பூரை மட்டும் வையுங்கள். கேட்டரிங் தளங்களில் ‘வளைகாப்புக்கு என்னென்ன சாதம்’, ‘சீர்வரிசைத் தட்டில் என்ன வைப்பது’ போன்ற கட்டுரைகளுக்கு இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்களிடம் சாப்பாடு வாங்கப் போவதில்லை. அந்தக் கிளிக் போனால் கல்லாவுக்கு நட்டமே இல்லை. விசாரணை குறையாமல் கிளிக் மட்டும் குறைகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இங்கேதான் விடை இருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்து, சிங்கப்பூர்த் தேடல்களை மூன்றாகப் பிரியுங்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடுவோர், வாங்கும் எண்ணத்தோடு தேடுவோர் (‘50 பேருக்கு சைவ பஃபே’, ‘வாழையிலை கேட்டரிங் விலை’), தகவலுக்காகத் தேடுவோர். முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கப் பதிலான கூகுளின் ஏஐ ஓவர்வியூ, மூன்றாம் வகையைத்தான் அதிகம் தின்கிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் 100க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் பயனர் கீழே இறங்க மாட்டார். வாங்க வருபவருக்கு அந்தப் பதில் போதாது. அவருக்கு விலையும் தேதியும் ஓர் ஆளும் வேண்டும்.

ஏஐ ஓவர்வியூவில் உங்கள் இணைப்பு வந்தால் அது சர்ச் கன்சோலில் ‘வெப்’ வகைக்குள்ளேயே சேர்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா இணைப்புக்கும் பெட்டியின் இடமே இடமாக எழுதப்படும். பெட்டி உச்சியில் இருந்தால், அதற்குள் எங்கோ ஒளிந்திருக்கும் உங்கள் இணைப்புக்கும் இடம் 1 என்றுதான் வரும். ‘முதலிடத்தில் இருக்கிறோம், ஆனால் யாரும் கிளிக் செய்யவில்லை’ என்ற புகார்களில் பல இப்படி வந்தவை.

தமிழ்த் தேடலைப் பார்க்க ஒரு வழி உண்டு. தேடல் சொல் வடிப்பில் ‘ரெஜெக்ஸ்’ (எழுத்து வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து [அ-ஹ] என்று மட்டும் கொடுங்கள். சதுர அடைப்புக்குறி கட்டாயம். யூனிகோடில் தமிழின் உயிரும் மெய்யும் அ முதல் ஹ வரை தொடர்ச்சியாக இருப்பதால், தமிழ் எழுத்து ஒன்றாவது உள்ள எல்லாத் தேடலும் இதில் சிக்கும். ஆனால் வரும் எண்ணைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று தளர வேண்டாம். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் காட்டாது. தேடல் சொல் வடிப்பைப் போட்ட உடனே அந்த மறைந்த தேடல்கள் கூட்டுத்தொகையிலிருந்தும் கழிந்துவிடும். சிங்கப்பூரில் தமிழ் எழுத்தில் தேடுவோர் எண்ணிக்கை சிறியது; ஆளுக்கு ஒருவிதமாக எழுதுவார்கள்; பெரும்பகுதி மறைந்துதான் போகும். ஆகவே தமிழுக்குத் தேடல் சொல் வடிப்பை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பக்கம் என்ற வடிப்பில் தமிழ்ப் பக்கங்களின் முகவரித் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். அந்த எண்தான் மெய்யானது.

இன்னொன்று. நம் மக்கள் பலர் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் தேடுவார்கள். முறுக்கை ஒரு ‘கே’ போட்டும் எழுதுவார்கள், இரண்டு ‘கே’ போட்டும் எழுதுவார்கள். ஆங்கிலப் பக்கத்தில் அந்தப் பேச்சுச் சொல் இயல்பாக ஓரிடத்தில் இருந்தால் போதும்; எல்லா எழுத்துக்கூட்டலையும் அடுக்க வேண்டியதில்லை.

---

சிராங்கூன்_நிரலர்

தரவுத்தச்சர் சொன்னதோடு உடன்படுகிறேன். தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன், உங்கள் பெரிய ஓட்டை அங்கேதான் தெரிகிறது.

எல்எல்எம்எஸ் கோப்பு 2024இல் முன்மொழியப்பட்ட ஒரு யோசனை. ஏஐ அம்சங்களில் வருவதற்குத் தனிக் கோப்போ தனி மார்க்கப்போ வேண்டாம் என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. பக்கம் இண்டெக்ஸில் (கூகுள் சேமித்து வைத்திருக்கும் பக்கத் தொகுப்பில்) இருக்க வேண்டும், ஸ்னிப்பெட் (முடிவின் கீழே வரும் விளக்க வரி) காட்டத் தகுதி பெற்றிருக்க வேண்டும், அவ்வளவே. கேள்வி-பதில் ஸ்கீமாவின் விரிந்த காட்சியை 2023 ஆகஸ்டில் பெயர்பெற்ற அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. கேட்டரிங் கடைக்கு அது வராது. ஏஐ பதிலில் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டாலே வேறு வேறு கடைகள் வரும்.

200 வட்டாரப் பக்கங்கள் ஆபத்து. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே சரக்கைக் காட்டுவது கூகுளின் ஸ்பேம் கொள்கையில் வாசல் பக்க முறைகேடு. மொத்தமாக உற்பத்தி செய்வது 2024 மார்ச்சில் சேர்த்த ‘பேரளவு உள்ளடக்க முறைகேடு’ என்ற விதிக்குள்ளும் விழும். ஏஐ எழுதியதா மனிதர் எழுதியதா என்பது அங்கே கேள்வியே இல்லை. படிப்பவருக்குப் பயனில்லாமல் குவித்ததா என்பதே கேள்வி. ஈசூனுக்கு ஒரு சமையலறை, பொங்கோலுக்கு ஒரு சமையலறை என்று வைத்திருந்தால் இரண்டு பக்கம் நியாயம். இருப்பது ஒன்றே ஒன்று. டெலிவரிக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த வட்டாரத்துக்கு எத்தனை வெள்ளி, எவ்வளவு ஆர்டருக்கு மேல் இலவசம், சாங்கி, துவாஸ் போன்ற கோடிகளுக்கு எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும். 200 பக்கத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

இனி தமிழ். இதை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

சர்ச் கன்சோலின் யுஆர்எல் சோதனையில் ஒரு தமிழ்ப் பக்க முகவரியைப் போட்டு, ‘கூகுள் தேர்ந்தெடுத்த கெனானிகல்’ (ஒரே போன்ற பக்கங்களில் மூலமாகக் கொள்ளும் பக்கம்) என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஆங்கிலப் பக்கத்தின் முகவரி வந்தால், தமிழ்ப் பக்கம் இண்டெக்ஸில் இல்லை என்று பொருள். எஸ்இஓ செருகுநிரலும் மொழிபெயர்ப்புச் செருகுநிரலும் ஒன்றோடு ஒன்று பேசாதபோது தமிழ்ப் பக்கத்தின் கெனானிகல் ஆங்கிலத்தைக் காட்டும். மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. தமிழ்ப் பக்கத்தின் கெனானிகல் தமிழ்ப் பக்கமாகவே இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவம் எது என்று சொல்லும் குறியான எச்ரெஃப்லாங்கை இருபக்கமும் போட வேண்டும். ஆங்கிலப் பக்கம் தமிழைச் சுட்ட, தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைச் சுட்ட, இரண்டும் தம்மையும் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. மொழிக் குறி ‘டிஏ’ மட்டும் போதும். இந்தியாவுக்கு ஒரு தமிழ்ப் பக்கம், சிங்கப்பூருக்கு வேறு தமிழ்ப் பக்கம் என்று இருந்தால்தான் நாட்டுக் குறி சேர்க்க வேண்டும்.

ஒரே முகவரியில் பொத்தானை அழுத்தினால் உலாவிக்குள் எழுத்து மாறும்படி செய்திருந்தால் அது தமிழ்ப் பக்கமே இல்லை. கூகுள் ஆங்கிலத்தை மட்டும் பார்க்கும். உலாவியின் மொழியைப் பார்த்துத் தானாகத் திசைதிருப்புவதும் வேண்டாம். கூகுள் பாட் (தளங்களைத் தானாகப் படித்துப் போகும் நிரல்) பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது, மொழி விருப்பத்தை அனுப்புவதும் இல்லை. அதை எப்போதும் ஆங்கிலத்துக்கே தள்ளிவிடுவீர்கள்.

தமிழ் எழுத்தில் முகவரி வைப்பதைப் பற்றி. கூகுளுக்கு அதில் தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; முகவரிகளில் பயன்படும் விழுக்காட்டுக் (%) குறியீட்டில் 9 எழுத்தாக விரியும். ‘திருமண’ என்பதில் துணைக்குறிகளோடு 6 குறிகள். ஒட்டி அனுப்பினால் 54 எழுத்துகளாக நீளும். வேர்ட்பிரஸ் அந்தப் பெயர்ப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. அதாவது சுமார் 22 குறிகளோடு வெட்டிவிடும், பாதிச் சொல்லில் முடியும். ஆகவே முகவரியில் இரண்டே சொல், அல்லது ரோமன் எழுத்து. எனக்கு ரோமன்தான் பிடிக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆளுக்குப் பயம் வராது.

கடைசியாக, உணவுப் பட்டியல். அதைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ போட்டிருக்கிறீர்களா? பழைய பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ரோமன் எழுத்துக் குப்பை. பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்துக் கணினியின் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

---

பூன்லே_பக்கம்

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்துவிட்டேன். கெனானிகல் நீங்கள் சொன்னதேதான்: தமிழ்ப் பக்கம் எல்லாமே ஆங்கிலத்தைச் சுட்டுகிறது. உணவுப் பட்டியல்கள் ஜேபெக் படங்கள். சிங்கப்பூரை மட்டும் வடித்துப் பார்த்தால் கிளிக் சரிவு மிகக் குறைவு. பெரிய இழப்பு கட்டுரைகளில், வெளிநாட்டிலிருந்து வந்தவை.

மேலும் இரண்டு கேள்வி. கடைக்காரர் தன் சமையல் குறிப்புகளை ஏஐ நிறுவனங்கள் எடுத்துக்கொள்வதை விரும்பவில்லை. எல்லா ஏஐ பாட்களையும் தடுத்துவிடச் சொல்கிறார். தடுத்தால் கூகுளில் பாதிக்குமா? இரண்டாவது, தமிழ் எழுத்துரு ஏற்றியபின் தளம் மெதுவாகிவிட்டது. எழுத்துருவையே எடுத்துவிடவா?

---

சிராங்கூன்_நிரலர்

எழுத்துருவை முதலில் முடித்துவிடுகிறேன். எடுக்க வேண்டாம், சுருக்குங்கள். பல தளங்களில் ஒரே குடும்பத்தின் ஒன்பது தடிமனையும் ஏற்றியிருப்பார்கள். உங்களுக்குச் சாதாரணம், தடித்தது என்று இரண்டு போதும். இணையத்துக்காகச் சுருக்கிய வோஃப்2 வடிவில், தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி, உங்கள் சர்வரிலேயே வையுங்கள். யூனிகோடு எல்லையைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலப் பக்கம் அந்தக் கோப்பை இறக்கவே செய்யாது. எழுத்துரு வரும்வரை கைப்பேசியின் சொந்தத் தமிழ் எழுத்தைக் காட்டச் சொல்லி, ஃபாண்ட் டிஸ்ப்ளேயை ‘ஸ்வாப்’ என்று வையுங்கள். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: தமிழ் எழுத்துருக்கள் அகலத்தில் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடும்; மாறும் நொடியில் வரிகள் குதிக்கும், அந்தக் குதிப்பை அளக்கும் சிஎல்எஸ் கெடும். மாற்று எழுத்துருவுக்கு அளவுச் சரிசெய்தல் கொடுத்து அதை அடக்கலாம்.

எட்ட வேண்டிய எல்லை: எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி (தட்டியபின் பக்கம் அசைய ஆகும் நேரம்) 200 மில்லி விநாடிக்குள், சிஎல்எஸ் 0.1க்குள். 100 வருகையில் 75க்காவது இது அமைய வேண்டும். 2024 மார்ச் 12இல் எஃப்ஐடி (முதல் தட்டலின் தாமதத்தை மட்டும் அளந்தது) போய் ஐஎன்பி வந்தது. பழைய வழிகாட்டியைப் படித்து எஃப்ஐடி பச்சையாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஐஎன்பியைக் கெடுப்பது பெரும்பாலும் மிதக்கும் அரட்டைப் பெட்டி, மூன்று நான்கு விளம்பரக் கண்காணிப்புத் துணுக்கு, ஸ்லைடர். வாட்ஸ்அப் பொத்தானுக்குச் செருகுநிரல் எதற்கு? சாதாரண இணைப்பு ஒன்றே போதும்.

இனி பாட்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது. சாட்ஜிபிடி நிறுவனத்தின் ஜிபிடிபாட், ஏஐ மாடலின் பயிற்சிக்காக எடுப்பது. ஓஏஐ-சர்ச்பாட் சாட்ஜிபிடி தேடலில் உங்களைக் காட்டுவதற்காக எடுப்பது. கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பது கூகுளின் ஏஐயான ஜெமினியின் பயிற்சி போன்றவற்றுக்கான அனுமதிக் குறி. அதை மறுத்தால் கூகுள் தேடலில் இடம் பாதிக்காது. ஆனால் ஏஐ ஓவர்வியூவிலிருந்தும் அது உங்களை எடுக்காது, அது தேடலின் பகுதி, கூகுள் பாட்டே கொண்டுபோவது. அங்கே வரவேண்டாம் என்றால், விளக்க வரி காட்டாதே என்று சொல்லும் நோஸ்னிப்பெட் குறியைப் பக்கத்தில் போட வேண்டும். போட்டால் சாதாரண முடிவிலும் விளக்க வரி போய்விடும், கிளிக் இன்னும் குறையும்.

கடைக்காரரின் கவலை நியாயமானது; அதை மதித்து என் யோசனை: சமையல் குறிப்பு இருக்கும் அடைவுக்கு மட்டும் ஜிபிடிபாட், கூகுள்-எக்ஸ்டெண்டட் இரண்டையும் ரோபோட்ஸ் கோப்பில் (எந்தப் பாட் எதைப் படிக்கலாம் என்று எழுதும் கோப்பு) தடுங்கள். விலை, பட்டியல், டெலிவரிப் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஓஏஐ-சர்ச்பாட்டை எங்கும் தடுக்க வேண்டாம். ரோபோட்ஸ் கோப்பு ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. உண்மையில் இரகசியமான குறிப்பு என்றால் தளத்திலேயே போடாதீர்கள்.

தளம் கிளவுட்ஃபிளேருக்குப் (தளத்துக்கு முன்னால் நின்று வருகையைக் காக்கும் சேவை) பின்னால் இருந்தால் அதன் அமைப்பையும் பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ பாட் தடுப்பு இயல்பாகவே வரும் வகையில் மாற்றினார்கள். ரோபோட்ஸ் கோப்பில் அனுமதித்துவிட்டு, கிளவுட்ஃபிளேரில் தடுத்துக்கொண்டிருப்பது தெரியாமலே இருக்கும்.

---

தரவுத்தச்சர்

இந்த ஓர் இடத்தில் நிரலரோடு எனக்கு மாறுபாடு. இந்தக் கடைக்குப் பயிற்சிப் பாட்டையும் தடுக்க வேண்டாம் என்பேன். செய்தித்தாளுக்கு எழுத்துதான் சரக்கு, அவர்கள் தடுப்பதில் பொருள் உண்டு. கேட்டரிங் கடைக்குச் சரக்கு சாப்பாடு. மாடலுக்குள் கடைப் பெயரும் ‘வாழையிலை’, ‘சிராங்கூன் சாலை’ என்ற சொற்களும் சேர்ந்து பதிவது இலவச விளம்பரம். முடிவு கடைக்காரருடையது.

அந்த வருகையை அளப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சாட்ஜிபிடி தன் இணைப்புகளில் யுடிஎம் குறியாக (வருகை எங்கிருந்து என்று முகவரியின் கடைசியில் ஒட்டுவது) தன் பெயரைச் சேர்க்கிறது. கூகுளின் வருகைக் கணக்குக் கருவியான ஜிஏ4இல் புதிய சேனல் குழு ஒன்றை உருவாக்கி, மூலம் என்ற இடத்தில் சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்ஸிட்டி, ஜெமினி, கோபைலட் பெயர்களைக் கொடுத்து, வரிசையில் ‘ரெஃபரல்’ (பிற தளங்களின் இணைப்பு வழி வருகை) சேனலுக்கு மேலே நகர்த்துங்கள். கீழே விட்டால் ரெஃபரலே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கூகுளின் ஏஐ ஓவர்வியூ கிளிக் இதில் வராது, அது கூகுள் ஆர்கானிக்காகவே (சாதாரணத் தேடல் வருகை) பதியும். அப்படியே தரவு வைத்திருக்கும் காலத்தையும் 2 மாதத்திலிருந்து 14 மாதமாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை எக்ஸ்புளோர் அறிக்கையில் ஒப்பிட முடியாது.

வாட்ஸ்அப் இணைப்பின் கிளிக்கை ஜிஏ4இல் முக்கிய நிகழ்வாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் வாட்ஸ்அப் இணைப்பிலும் முன்னிரப்பிய செய்தி வேறாக இருக்கட்டும்: ‘வளைகாப்புப் பட்டியல் பற்றி’, ‘திருமண விருந்து பற்றி’. எந்தப் பக்கம் ஆளைக் கொண்டுவந்தது என்று கைப்பேசியிலேயே தெரியும், எந்தக் குக்கியும் தேவையில்லை. எனக்குத் தெரிந்தவரை சிறு கடைக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது.

---

வரைபடக்காரி

மூன்று பேரும் இணையத்தளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டரிங் தேடலில் வரைபடப் பெட்டிதான் பல நேரம் முதலில் வரும். அதில் வரும் கடை விவரப் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே!

பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றை வைத்து உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தத்தில் என் அனுபவக் கணக்கில் முதலில் நிற்பது முதன்மை வகை. கடையில் நான்கு மேசை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக ‘இந்திய உணவகம்’ என்று வைத்துவிட்டு, வரவு முழுவதும் கேட்டரிங்கில் என்றால் அது தவறு. கேட்டரரை முதன்மையாக்கி, உணவகத்தைக் கூடுதல் வகையில் போடுங்கள். கடைப் பெயரில் ‘பெஸ்ட் வெஜிடேரியன் கேட்டரிங் சிங்கப்பூர்’ என்று ஒட்டுவது விதிமீறல். பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான். போட்டியாளர் ஒருவர் புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கும், மீட்பதற்கு வாரக்கணக்கு ஆகும்.

வாடிக்கையாளர் வந்து போகாத சமையலறை என்றால் முகவரியை மறைத்து, சேவை வட்டாரமாகப் பதியுங்கள். 20 வட்டாரம் வரை கொடுக்கலாம். விளக்கத்துக்கு 750 எழுத்து இடம் உண்டு; இணைப்பு போடக்கூடாது. இணையத்தளப் பெட்டியில் வெறும் முகவரியைப் போடாமல் யுடிஎம் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் வரைபடத்திலிருந்து வந்தவரும் சாதாரணத் தேடலில் வந்தவரும் ஜிஏ4இல் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள்.

விமர்சனத்துக்குத் தள்ளுபடியோ இலவச இனிப்போ கொடுக்கக்கூடாது. ‘பிடித்திருந்தால் கூகுளில் எழுதுங்கள், பிடிக்கவில்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று வடிகட்டுவதையும் கூகுள் தடைசெய்திருக்கிறது. எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம்: பாத்திரம் திரும்ப எடுக்கப் போகும்போது அல்லது மறுநாள் காலை. விருந்து நடக்கும்போது செய்தி அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். தமிழில் எழுதிய விமர்சனத்துக்குத் தமிழிலேயே பதில் எழுதுங்கள். எந்த நிகழ்வு, எத்தனை பேர், எந்த உணவு என்று வாடிக்கையாளர் தானாக எழுதும் விவரம் தேடலில் உண்மையாகவே உதவுகிறது.

விமர்சனங்களை உங்கள் தளத்தில் எடுத்துப் போட்டு நட்சத்திர ஸ்கீமா சேர்த்தாலும் உள்ளூர்க் கடைக்கு நட்சத்திரம் காட்ட மாட்டார்கள், 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கும் சிலர் பணம் வாங்குகிறார்கள்.

தீபாவளி, பொங்கல், தைப்பூச நாள்களின் நேரத்தைச் ‘சிறப்பு நேரம்’ பகுதியில் முன்கூட்டியே போடுங்கள். பண்டிகை அன்று மூடியிருப்பதைத் திறந்திருப்பதாகக் காட்டினால் அன்றைக்கே ஒரு நட்சத்திர விமர்சனம் விழும்.

---

பூன்லே_பக்கம்

முதன்மை வகை ‘இந்திய உணவகம்’ என்றுதான் இருக்கிறது! மாற்றிவிடுகிறேன். ஜேபெக் பட்டியலை எழுத்தாக மாற்றும்போது என்னென்ன எழுத வேண்டும்? பழைய வாடிக்கையாளர் எண்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு வாட்ஸ்அப் விளம்பரம் அனுப்பச் சொல்கிறார் கடைக்காரர். அதோடு, தமிழில் ‘.சிங்கப்பூர்’ முகவரி வாங்கலாமா?

---

சிராங்கூன்_நிரலர்

பட்டியல் பக்கம்தான் இந்த வேலையின் இதயம், அதை அவசரமாக முடிக்காதீர்கள். கூகுளின் ஏஐ மோட் (அரட்டை போலக் கேட்டுப் பதில் பெறும் தேடல்) ஒரு கேள்வியைப் பல சிறு தேடல்களாக உடைத்துத் தேடுகிறது. ‘ஜூரோங்கில் வாய்ட் டெக்கில் 80 பேருக்கு வளைகாப்பு, பாதிப் பேர் சைவம்’ என்று ஒருவர் கேட்டால் (வாய்ட் டெக் என்பது அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம்), விலை, குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, டெலிவரி, சைவச் சமையல் தனியா, வாய்ட் டெக்கில் மேசை போடுவார்களா என்று ஐந்தாறு தேடலாகப் பிரியும். அந்தச் சிறு கேள்வி ஒவ்வொன்றுக்கும் உங்கள் பக்கத்தில் நேரான ஒரு வரி இருக்க வேண்டும்.

எழுத வேண்டியவை: ஓர் ஆளுக்கு எத்தனை வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரி சேர்த்தா சேர்க்காமலா, குறைந்தது எத்தனை பேர், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா, இலை போட்டுப் பரிமாற ஆள் வருவார்களா, எத்தனை மணி நேரம், சைவத்துக்குத் தனிப் பாத்திரமா, வெங்காயம் பூண்டு இல்லாமல் கிடைக்குமா, சூடேற்றும் பாத்திரம் எப்போது எடுத்துக்கொள்வார்கள். விலையை மறைத்து ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்று மட்டும் போடும் கடைகள் அதிகம். ஏஐ பதில் விலை எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் எடுத்துச் சொல்லும். இல்லாததை எங்கிருந்து எடுக்கும்?

எல்லாம் சாதாரண எச்டிஎம்எல் அட்டவணையாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு தாவலை (டேப்) சொடுக்கினால்தான் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வரும் உள்ளடக்கம் வேண்டாம். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்க்கும். ஏஐ நிறுவனங்களின் பாட்கள் பெரும்பாலும் இயக்குவதில்லை. ‘பக்க மூலத்தைக் காட்டு’ என்று திறந்து அதில் விலை எழுத்தாகத் தெரிகிறதா என்று தேடுங்கள். தமிழ்ப் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள். ‘பந்தி’, ‘படையல்’, ‘சீர்’ என்று நம் வீட்டில் சொல்லும் சொல்லைப் போட்டு ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

‘.சிங்கப்பூர்’ 2011இலிருந்து இருக்கிறது. அதனால் தரவரிசை ஏறாது. மின்னஞ்சலுக்கு இன்னும் பல இடத்தில் இடையூறு. பெயரைப் பாதுகாக்க வாங்கி, இருக்கும் முகவரிக்குத் திருப்பிவிடலாம், முதன்மை முகவரியாக வேண்டாம்.

---

வரைபடக்காரி

வாட்ஸ்அப் விளம்பரத்தில் கவனம். சாப்பாடு வாங்கியபோது கொடுத்த எண், விளம்பரம் அனுப்பச் சம்மதம் ஆகாது. விளம்பரம் வேண்டாதவர்கள் தம் எண்ணைப் பதியும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவகம் 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. குரல் அழைப்பு மட்டுமல்லாமல் சிங்கப்பூர் எண்ணுக்குப் போகும் செய்திகளும் அதில் அடங்கும். தெளிவான, பதிவு வைத்த சம்மதம் இல்லாத எண்களைப் பதிவகத்தில் சரிபார்த்தபின்தான் அனுப்ப வேண்டும். ஆர்டர் படிவத்தில் முன்கூட்டியே டிக் போடாத ஒரு பெட்டி வைத்து இனிமேல் சம்மதம் வாங்குங்கள். எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 2023 ஜனவரி 31இலிருந்து பதியாத பெயரில் வருபவை மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடுதான் போய்ச் சேரும். அந்த முத்திரையோடு தீபாவளிப் பலகாரச் சலுகை வந்தால் யார் திறப்பார்?

---

பூன்லே_பக்கம்

தொகுப்பு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளை கெனானிகலைத் திருத்துகிறேன். திருத்தியதும் எல்லாத் தமிழ்ப் பக்கத்துக்கும் ‘இண்டெக்ஸ் செய்யக் கோரு’ அழுத்த வேண்டுமா? அதோடு சில தமிழ் முகவரிகள் நீங்கள் சொன்னபடி பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன, அவற்றையும் இப்போதே மாற்றவா?

---

சிராங்கூன்_நிரலர்

ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் உங்கள் தமிழ்ப் பக்கங்கள் இன்னும் இண்டெக்ஸிலேயே இல்லையே, இழக்க ஒன்றும் இல்லை. ஆகவே முகவரியை முதலில் மாற்றுங்கள், பிறகு கெனானிகல், பிறகு எச்ரெஃப்லாங், கடைசியில் தளவரைபடம் (கூகுளுக்குக் கொடுக்கும் பக்க முகவரிப் பட்டியல்). வரிசை மாறினால் கெனானிகல் பழைய முகவரியைச் சுட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் 301 திருப்பம் (முகவரி நிரந்தரமாக மாறியது என்று சொல்வது) போடுங்கள். நேராகப் புதிய முகவரிக்குப் போக வேண்டும். பழையதிலிருந்து இடையில் இன்னொன்று, அதிலிருந்து புதியது என்று சங்கிலியாக வேண்டாம்.

இண்டெக்ஸ் கோரிக்கைக்கு நாளொன்றுக்கு வரம்பு உண்டு. திருமண விருந்து, வளைகாப்பு, வாழையிலை, டெலிவரி ஆகிய நான்கு தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் அழுத்துங்கள். மற்றவற்றைத் தளவரைபடமும் ஆங்கிலப் பக்கத்திலிருந்து வரும் மொழி இணைப்பும் கொண்டுபோகும். அந்த மொழி இணைப்பு முகப்புப் பக்கத்தை மட்டும் சுட்டாமல், ஒவ்வொரு ஆங்கிலப் பக்கமும் தன் தமிழ் இணையையே சுட்ட வேண்டும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து யுஆர்எல் சோதனையில் அந்தக் கெனானிகல் வரியை மறுபடி பாருங்கள். இன்னும் ஆங்கிலமே வந்தால் பக்க மூலத்தில் கெனானிகல் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் செருகுநிரலும் ஆளுக்கொன்று போட்டிருக்கும். தீமில் இருப்பதை எடுத்துவிட்டு, என்ன ஆனது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.